சித்தேரி மலையில் வெட்பாலை தேடி...

அப்பாவின் தலையணை உறையில் எப்போதும் ஓர் ஊதாக் கறை இருக்கும். அம்மா எத்தனை முறை சோப்புப் போட்டு அலசினாலும் போகாது. தலைக்கும் முழங்கைக்கும் அவர் தடவிக்கொள்ளும் எண்ணெயின் கறை அது. “என்னப்பா இது?” என்று கேட்டால், “உடம்புச் சூடும்மா” என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். டம்ளரின் அடியில் ஆணியால் கீறிய ஒரு கோடு இருக்கும். படுக்கை திண்ணையில். என் பெண் பிறந்தபோது தூரத்தில் நின்று பார்த்தாரே தவிர, கடைசிவரை மடியில் வாங்கிக்கொள்ளவில்லை.

அப்பா போய் மூன்று வருடம் கழித்து, என்னுடைய 34-வது வயதில், முழங்கையில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு வந்தது. மேலே வெள்ளி நிறத்தில் செதில். அப்போதும் எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை. படர்தாமரை என்று நினைத்து மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். ஒரே வாரத்தில் மறைந்தது. நிறுத்திய பத்தாம் நாள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. இப்படியே எட்டு மாதம் ஓடியது. பிறகுதான் சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் பார்த்ததும் கேட்டார்: “வீட்டுல யாருக்காவது சோரியாசிஸ் இருந்ததா?”

வீட்டில் இருந்த நோய்க்கே எனக்குப் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறது.

அப்பாவின் ஊதா எண்ணெய் வெட்பாலை இலையில் செய்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அரூரில் இருக்கும் சித்தப்பா மகன், “அக்கா, சித்தேரி மலை இலைதான் நல்லா கேக்கும்னு சொல்றாங்க. ஒரு நாள் வாங்களேன்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தை மாதக் கடைசியில் ஒருநாள் கிளம்பினேன்.

மஞ்சவாடி தாண்டி...

சேலத்திலிருந்து அரூர் போகும் பஸ், அயோத்தியாப்பட்டினத்தைக் கடந்து மஞ்சவாடிக் கணவாயில் ஏறி இறங்குகிறது. அதற்குப் பிறகு வண்டி தர்மபுரி மாவட்டத்தில் ஓடுகிறது. மரவள்ளி, கரும்பு, மஞ்சள் வயல்கள். நடுநடுவே புளியமரங்கள்.

அரூரில் தம்பியின் பைக் காத்திருந்தது. அங்கிருந்து சித்தேரிக்குச் சுமார் 26 கிலோமீட்டர். பாதி தூரம் சமவெளி. அதன்பிறகு வனத்துறைக் காட்டுக்குள் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இந்தத் தொடரில் பெய்யும் மழைதான் அடிவாரத்தில் வள்ளிமதுரை வரட்டாறு அணைக்குப் போய்ச் சேர்கிறது. நாங்கள் போன நேரம் மழை முடிந்து காடு காயத் தொடங்கியிருந்தது.

மலைமேல் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று சுற்றியுள்ள மலைகளிலும் இவர்கள் இருக்கிறார்கள். சாமையும் ராகியும் இவர்களுடைய பழைய பயிர்கள்.

ஏற ஏறக் காற்று மாறியது. குளிர்ந்த, ஈரமில்லாத காற்று. என் முழங்கைக்கு அது உடனே தெரிந்துவிட்டது. சோரியாசிஸ்காரர்களுக்குப் பனிக்காலம் ஆகாது. தோல் காய்ந்து இழுக்கும், செதில் கூடும், அரிப்பு தூங்க விடாது. மலைமேல் வருடத்தில் பல மாதம் இப்படித்தானே இருக்கும், இங்கே இந்த நோய் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தபடியே வந்தேன்.

உதிர்ந்து நின்ற மரம்

சாலையோரம் பைக்கை நிறுத்தி, “அதோ பாருங்கக்கா” என்று தம்பி கை காட்டினான். பெரிய மரமெல்லாம் இல்லை. இரண்டு ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இலைகள் பழுத்து, பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தன. கிளைகளில் குச்சி போன்ற நீளமான காய்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கின. ஒவ்வொரு ஜோடியும் நுனியில் சேர்ந்திருந்தது. வெடித்த காய்களிலிருந்து பட்டுப் பஞ்சோடு விதைகள் காற்றில் பறந்துகொண்டிருந்தன.

வெட்பாலை! இலையைக் கிள்ளினால் பால் வரும். கோடையில் மல்லிகையை நினைவூட்டும் வாசனையோடு வெள்ளைப் பூ பூக்கும். இலையிலிருந்து ஒரு காலத்தில் நீலச் சாயம் எடுத்தார்கள். கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்தில் கடையும் மரப்பொம்மைகளுக்கும் இந்த மரம்தான். எண்ணெயில் ஊறும்போது இலையிலிருந்து இறங்கும் நிறம்தான் அப்பாவின் தலையணை உறையில் இருந்த ஊதா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு நோய் அதிகமாக இருக்கும் மாதத்தில் மருந்து தேடி வந்தால், மரம் இலையை உதிர்த்துக்கொண்டு நிற்கிறது.

“தொட்டா தெரியுதா?”

மேலே ஒரு சிற்றூரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருப்பதாகத் தம்பி விசாரித்து வைத்திருந்தான். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாசலில் உட்கார்ந்து கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார்.

“வெட்பாலை எலை வேணும் தாத்தா” என்றேன்.

“எலை கெடக்கட்டும்மா. மொதல்ல கையக் காட்டு.”

சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டினேன். அவர் தயங்காமல் முழங்கையைப் பிடித்தார். திட்டின் மேல் ஒரு வைக்கோல் துரும்பால் மெல்லத் தடவினார்.

“தொட்டா தெரியுதா?”

“தெரியுது.”

“மரத்துப் போவுதா?”

“இல்லை தாத்தா.”

“அப்பச் சரி. மரத்துப் போச்சுன்னு யாராச்சும் சொன்னா நான் எலை குடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னு அனுப்பிடுவேன். என்ன நோவுன்னு தெரியாம எலையத் தடவி என்ன பிரயோசனம்?”

சேலத்து டாக்டர் முதல்நாள் பஞ்சு நுனியால் தடவிக் கேட்டதும் இதே கேள்விதான். மலைமேல் ஒருவர், நகரத்தில் ஒருவர், இரண்டு பேருக்கும் முதல் கேள்வி ஒன்று!

அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. சோரியாசிஸையும் தொழுநோயையும் பல நூற்றாண்டுகள் உலகம் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது. இரண்டும் வேறு வேறு என்பதை 1841-ல் வியன்னாவைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா என்ற தோல் மருத்துவர் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். அதுவரை ஐரோப்பாவில்கூட எத்தனையோ சோரியாசிஸ்காரர்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டார்கள். ஹெப்ரா சொல்லி 180 வருடங்களுக்கு மேலாகியும், எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

எது எது? எப்படிப் பிரிப்பது?

தோலில் திட்டு வந்தால் நாம் செய்யும் முதல் தவறு, நாமே பெயர் வைப்பது. ஒன்றுபோலத் தெரியும் மூன்று நோய்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தொழுநோய்: வெளிறிய அல்லது சிவந்த திட்டில் உணர்ச்சி குறைந்திருக்கும். தொட்டாலும் சூடு பட்டாலும் சரியாகத் தெரியாது. கிருமியால் வருவது. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். முழுக்கக் குணமாகும்.

படர்தாமரை: பூஞ்சையால் வருவது. வட்டமாகப் பரவும். ஓரம் தடித்துச் சிவந்து, நடுப்பகுதி தெளிவாக இருக்கும். ஒட்டும். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

சோரியாசிஸ்: முழங்கை, முழங்கால், கீழ்முதுகு, தலை ஆகிய இடங்களில் எல்லை தெளிவான சிவந்த தடிப்பு. நம் நிறத்தில் சிலருக்குச் சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும். மேலே வெள்ளிச் செதில். நகத்தில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கலாம். தலையில் வந்தால் பலரும் பொடுகு என்றே வருடக்கணக்கில் ஷாம்பு மாற்றிக்கொண்டிருப்பார்கள். உணர்ச்சி இருக்கும். ஒட்டாது.

பெரும்பாலும் டாக்டர் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். சந்தேகம் இருந்தால் துளியளவு தோலை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸி செய்வார்.

இது ஏன் வருகிறது? நம் மேல்தோல் பழையது உதிர்ந்து புதிதாகச் சுமார் ஒரு மாதம் ஆகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தூண்டப்படுவதால், சோரியாசிஸ் உள்ள இடத்தில் அதே வேலை ஐந்தாறு நாளில் நடந்துவிடுகிறது. உதிர நேரமில்லாமல் தோல் மேல் தோலாக அடுக்குகிறது. அதுதான் செதில். இதில் கிருமி இல்லை. அதனால் கை கொடுத்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே படுக்கையில் படுத்தாலோ அடுத்தவருக்கு வராது. உலகம் முழுக்கக் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ம் ஆண்டு அறிக்கை.

பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. “எனக்கும் வருமாம்மா?” என்று என் பெண் கேட்டாள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று என்று டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். “அப்ப ஒன்பது பங்கு வராதுல்ல?” என்றாள். அப்பாவிடம் நான் இப்படி ஒரு கேள்வி கேட்டு, அவர் இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால், எனக்கு அந்த எட்டு மாதம் வீணாகியிருக்காது.

இலைக்கு உள்ள இடம்

சித்த மருத்துவம் இந்த நோயைக் காளாஞ்சகப்படை என்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் ஊதா நிறமாகும். சென்னையில் உள்ள மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இந்த இலையையும் தேங்காய் எண்ணெயையும் வைத்துத்தான் ‘777 எண்ணெய்’ என்ற மருந்தை உருவாக்கியது. அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் விசாரித்தால் வெட்பாலைத் தைலம் பற்றிச் சொல்வார்கள்.

எனக்கு அது செதிலை இளக்குகிறது. அரிப்பைக் குறைக்கிறது. ஆனால், அதை மட்டும் நம்பி மற்ற மருந்தை நிறுத்திய மழைக்காலத்தில் திட்டுகள் முதுகு முழுக்கப் பரவின. எனவே இரண்டு டாக்டர்களிடமும் ஒளிக்காமல் சொல்லி, தைலத்தைத் துணையாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் இன்னொன்றும் எச்சரித்தார். குடசப்பாலை என்று ஒரு மரம் உண்டு. அதிலும் பால் வரும், பூவும் வெள்ளை. தெரியாதவர்கள் அதைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். அது வயிற்றுப்போக்குக்குப் பயன்படுவது. தவிர, காப்புக் காட்டில் நாம் நினைத்தபடி இலை பறிக்கவும் கூடாது.

தூரமும் ஒரு மருந்துதான்

இங்கே சிகிச்சையைத் தீர்மானிப்பதில் தூரத்துக்கும் பங்கு இருக்கிறது. சித்தேரி ஊராட்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வாச்சாத்தி வழியாகப் போக வேண்டிய அரசநத்தம், கலசப்பாடி போன்ற ஊர்களுக்கு நெடுங்காலம் ஒழுங்கான சாலை இல்லை. நோயாளிகளைத் தூளி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

இப்போது சிகிச்சைகளைப் பாருங்கள். திட்டு குறைவாக இருந்தால் களிம்புகள் போதும். பரவலாக இருந்தால் ‘நேரோ பேண்ட்’ எனப்படும் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சை நல்ல பலன் தரும். ஆனால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போக வேண்டும். அதுவும் மாதக்கணக்கில். அரூரில் இருக்கிறவருக்கே கஷ்டம். மலைமேல் கூலி வேலைக்குப் போகிறவர் எப்படிப் போவார்?

அடுத்தது மாத்திரை. மெத்தோட்ரெக்ஸேட் பல வருடமாகப் பயன்படும் மருந்து. விலையும் குறைவு. இதில் உயிர் காக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. சோரியாசிஸுக்கு இதை வாரத்தில் டாக்டர் சொன்ன ஒரே நாளில்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைபோலத் தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. குடிப்பழக்கம் இருந்தால் ஈரல் கெடும். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை கட்டாயம். படிக்கத் தெரியாத ஒருவருக்கு, ‘திங்கட்கிழமை மட்டும்’ என்பதை வீட்டில் ஒருவர் ஞாபகப்படுத்த வேண்டும்.

இவை போதாதவர்களுக்கு இப்போது ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் இட்டோலிசுமாப், 2013-ல் நம் நாட்டிலேயே அனுமதி பெற்ற ஒன்று. பலன் பெரிது. விலையும் பெரிது.

தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் வந்தது, இந்தப் பகுதி மக்களுக்குப் பெரிய ஆறுதல். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அப்படி வீட்டுக்கு வருகிறவர்கள், “உடம்புல எங்கயாவது திட்டு இருக்கா? தொட்டா தெரியுதா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் எத்தனை பேர் திண்ணையிலிருந்து உள்ளே வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இவற்றை மறக்காதீர்கள்

மருந்துக் கடையில் நீங்களாக ஸ்டீராய்டு களிம்பு கேட்டு வாங்காதீர்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018-ல் பல களிம்புகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். படர்தாமரை மேல் போட்டால் அது பரவும். சோரியாசிஸ் மேல் போட்டுத் திடீரென நிறுத்தினால் சீறிக்கொண்டு திரும்பும்.

‘நிரந்தரக் குணம்’ என்று உறுதி சொல்லிப் பெயர் இல்லாத பொடியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்காதீர்கள். சோரியாசிஸ் கட்டுப்படுத்தக்கூடிய நோய். வருடக்கணக்கில் அடங்கியும் இருக்கும். ஆனால், திரும்பி வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

காலையில் எழுந்ததும் விரல், குதிகால், இடுப்பு இறுகி வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த நோய் மூட்டையும் தாக்கும். தாமதித்தால் விரல் கோணிவிடும். உடம்பு முழுக்கத் தோல் சிவந்து காய்ச்சல் குளிர் வந்தாலோ, சீழ்க்கொப்புளங்கள் கிளம்பினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

குளித்து முடித்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவுங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள். புண் பட்ட இடத்தில் புதுத் திட்டு வரும். புகை, குடி, மனக்கவலை மூன்றும் நோயைக் கிளறிவிடும்.

ஒரு டம்ளர் கஞ்சி

கிளம்பும்போது மணி ஒன்றாகிவிட்டது. பெரியவரின் வீட்டுப் பாட்டி, “வெயில்ல எங்க போறீங்க, ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க” என்று ராகிக் கஞ்சி கரைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் டம்ளர் ஒன்றுதான் கைக்கு அகப்பட்டது போலிருக்கிறது. முதலில் என்னிடம் நீட்டினார்.

நான் குடித்துவிட்டு, பழக்க தோஷத்தில், “கழுவிக் குடுத்துடறேன் பாட்டி” என்று எழுந்தேன்.

“எதுக்குக் கண்ணு? குடு இப்படி” என்று வாங்கி, அதிலேயே கஞ்சி ஊற்றித் தம்பியிடம் கொடுத்தார். அவன் குடித்ததும், பெரியவருக்கு. கடைசியில் தானும் குடித்துவிட்டுக் குடத்தடியில் கவிழ்த்து வைத்தார்.

இலை எதுவும் இல்லாமல்தான் மலையிறங்கினேன். ஒரு படி சாமை மட்டும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அப்பாவின் டம்ளரை எடுத்தேன். அடியில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துச் சமையல்கட்டில் மற்ற டம்ளர்களோடு வைத்தேன். மறுநாள் காலை என் பெண் அதில்தான் காபி குடித்தாள்.

*

சித்தேரிக்குப் போக: ரயிலில் வருகிறவர்கள் ஜோலார்பேட்டை–சேலம் பாதையில் மொரப்பூரில் இறங்கி அரூர் வரலாம். அரூரிலிருந்து மலைக்குப் பஸ் குறைவு என்பதால், திரும்பும் நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் மாலை இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது. பிளாஸ்டிக்கை அங்கே போட்டுவிட்டு வராதீர்கள்.